நீல ஒட்டுப்பொறி அட்டை: இலைப்பேனை எண்ணுவதற்கு வாங்கலாம், ஒழிப்பதற்கு அல்ல

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கங்களில் டனல், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட நீளமான பயிர்க்குடில், அமைத்து வெள்ளரியும் குடைமிளகாயும் வளர்ப்பவர்கள் விதையும் உரமும் வாங்கப் போகும் கடைகளில், பணம் கட்டும் மேசைக்கு அருகிலேயே நீல நிற ஒட்டுப்பொறி அட்டைகள் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றைத் தொங்கவிட்டால், செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சியான இலைப்பேனின் தொல்லை தீரும், மருந்துச் செலவு மிச்சம் என்று சொல்லித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். எங்கள் குடும்பத்து டனல்களில் ஒரு முழுப் பருவம் இவற்றைப் பயன்படுத்திய பிறகு, அட்டை நல்ல சரக்குதான், அதை விற்பதற்குச் சொல்லும் காரணம்தான் சரியில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இலைப்பேன் எப்போது வந்தது, எந்த வாசல் வழியாக வந்தது, நாம் செய்த வைத்தியத்துக்குப் பிறகு குறைந்ததா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான கருவி கிடையாது. பூச்சியை அழிக்கும் மருந்தாக எண்ணி வாங்குபவர், அட்டை நிறையப் பூச்சியையும் செடி நிறைய வடுவையும் ஒரே நேரத்தில் பார்க்க நேரிடும்.

ஒரே வகை அட்டை பல பெயர்களில் விற்பனையாவதால், பெட்டியின் பெயரையும் கடையின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. நாங்கள் வாங்கியது 10 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் கொண்ட பிளாஸ்டிக் அட்டை. இருபுறமும் காயாத பசை. அதன்மேல் உரித்தெடுக்கும் மெழுகுத்தாள். பசைக்கு அடியில் எண்ணுவதற்கு வசதியாக அச்சிட்ட கட்டங்கள். தொங்கவிட ஓர் ஓட்டையும் ஒரு துண்டுக் கம்பியும். பசையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊரின் புழுக்கத்திலும், கூரை ஒழுகி மழைநீர் பட்டபோதும் அது இளகி வழியவில்லை. ஆனால் டனலில் செடிகள் நிற்பது மரத்தூள் நிரப்பிய பைகளில் என்பதால், பை மாற்றும் நாட்களில் பறக்கும் தூள் அட்டையில் படிந்துவிடுகிறது. அப்படித் தூள் படிந்த அட்டையில் பூச்சி ஒட்டாது. எனவே அந்த வேலை முடிந்த பிறகே புது அட்டை மாட்டுவது நல்லது. மலிவு விலையில் வாங்கிய இன்னொரு கட்டு, வெயில் பட்டுச் சீக்கிரமே வெளுத்துப்போனது. நீலத்தின் சாயலுக்கு ஏற்ப அகப்படும் இலைப்பேன்களின் எண்ணிக்கையும் மாறும் என்பதால், நிறம் மங்கிய அட்டையின் கணக்கைப் புது அட்டையின் கணக்கோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. அதே காரணத்துக்காக ஒரு பருவத்துக்கு ஒரே வகை அட்டையை வாங்கிவைத்துக்கொள்வது உத்தமம்.

அட்டை ஏன் மருந்தாகாது என்பதற்கு விடை பூச்சியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. டனல் பயிர்களில் உலகெங்கும் பெரும் தொல்லை தருவது மேற்கத்திய மலர் இலைப்பேன். அறிவியல் பெயர் ஃப்ராங்க்ளினியெல்லா ஆக்ஸிடென்டாலிஸ். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சிக்கு 1895-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள் என்றாலும், 1970-களின் இறுதிக்குப் பிறகுதான் பூச்செடி, நாற்று வணிகத்தோடு கப்பலேறியும் விமானமேறியும் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. தென்னாப்பிரிக்காவுக்கும் அது 1980-களில் வந்து சேர்ந்துவிட்டது. வளர்ந்த பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பெண் பூச்சி முட்டையை இலையின் மேலே வைப்பதில்லை. திசுவைக் கீறி உள்ளே செருகிவிடுகிறது. வெளிவரும் இளம்பூச்சிகள் இறக்கையின்றி இலையிலும் பூவிலும் பதுங்கிச் சாற்றை உறிஞ்சுகின்றன. அதன்பின் அவற்றில் பெரும்பாலானவை கீழே விழுந்து, பையிலுள்ள மரத்தூளிலோ தரையிலுள்ள சருகிலோ எதுவும் தின்னாமல் கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிக்கின்றன. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து இறக்கை முளைத்த பூச்சியாவதற்குச் சுமார் இரண்டு வாரம் போதும். இவ்வளவு பருவங்களில் அட்டையில் வந்து ஒட்டுவது பறக்கக்கூடிய கடைசிப் பருவம் மட்டுமே. முட்டைக்கும், பூவுக்குள் இருக்கும் இளம்பூச்சிக்கும், மரத்தூளுக்குள் கிடப்பதற்கும் மேலே தொங்கும் நீல அட்டையால் ஒரு கெடுதலும் இல்லை. இனச்சேர்க்கை இல்லாமலேயே முட்டையிடும் திறன் பெண் பூச்சிக்கு உண்டு, அப்படிப் பிறப்பவை எல்லாம் ஆண்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தப்பிப்பவை சிலவே ஆனாலும் கூட்டம் மீண்டும் பெருக அதிக நாள் ஆகாது.

வைரஸ் விஷயத்தில் இது இன்னும் கடுமை. தக்காளி, குடைமிளகாய் இரண்டையும் தாக்கும் தக்காளி புள்ளி வாடல் வைரஸை இங்குள்ள பழைய விவசாயிகள் குரோம்நெக் என்பார்கள். இந்த வைரஸை இலைப்பேன் தன் இளம்பருவத்தில், நோயுற்ற செடியைத் தின்னும்போது மட்டுமே பெற்றுக்கொள்ள முடியும். வளர்ந்த பிறகு சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும். ஒரு செடிக்கு நோயைக் கொடுக்க அதற்குச் சில நிமிட உறிஞ்சலே போதும். ஆகவே அட்டையில் ஒட்டிச் செத்த பூச்சி அதற்கு முன் எத்தனை செடிகளில் உட்கார்ந்தது என்பதை அட்டை நமக்குச் சொல்லாது. இலை வெண்கல நிறமாகி, காயில் வளையம் வளையமாகப் புள்ளி தெரிந்தால், அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி வெளியேற்றுவதுதான் வழி.

சரி, எண்ணுவதற்கு என்று வாங்கினால் எப்படிப் பயன்படுகிறது? இந்த இடத்தில் அட்டை எனக்கு முழுத் திருப்தியைத் தந்தது. பயிரின் உச்சிக்குச் சற்று மேலே இருக்குமாறு தொங்கவிட்டு, செடி வளர வளர அட்டையையும் உயர்த்த வேண்டும். கொடி ஏறும் வெள்ளரியில் இதை மறந்தால் சில நாட்களிலேயே அட்டை இலைகளுக்குள் புதைந்துவிடும். வாசலுக்கு ஒன்று, பக்கத் திரை சுருட்டும் ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒன்று, நடுவில் ஒன்றிரண்டு என்று வைத்து, வாரத்தில் ஒரே கிழமையில் எண்ணி நோட்டில் எழுதினோம். ஒரு அட்டையில் எத்தனை பூச்சி என்ற எண் தனியாக நின்று பெரிதாக எதையும் சொல்வதில்லை. போன வாரத்தோடு ஒப்பிடும்போதும், ஒரு வாசலை இன்னொரு வாசலோடு ஒப்பிடும்போதும்தான் அது பேசத் தொடங்குகிறது. எங்கள் நோட்டில் ஒரு பக்கத்து வாசல் மட்டும் ஓயாமல் மற்றவற்றை முந்திக்கொண்டிருந்தது. அந்த வாசலுக்கு வெளியே பிளாக்ஜாக் என்று நாம் சொல்லும், துணியில் ஒட்டிக்கொள்ளும் ஊசி விதைக் களை பூத்துக் கிடந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்களில் வாழக்கூடிய பூச்சிக்கு அந்தச் சிறு பூக்களே தங்குமிடம். களையை வெட்டி அப்புறப்படுத்திய பிறகு அந்த வாசலின் கணக்கு மற்ற வாசல்களோடு சமமாயிற்று. இந்த ஒரு தகவலுக்கே அட்டைக்குக் கொடுத்த காசு சரியாகிவிட்டது என்பேன். ஆனால் களையை வெட்டும் நாளில் டனல் திரை மூடியிருக்க வேண்டும்; வாடும் களையை விட்டுக் கிளம்பும் பூச்சி, பக்கத்தில் பச்சை எங்கே தெரிகிறதோ அங்கேதான் போகும்.

டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கடற்கரையில் இந்தக் கணக்கை ஆண்டு முழுவதும் வைத்திருப்பது நல்லது. ஐரோப்பிய நூல்கள் குளிர்காலத்தில் பூச்சி அடங்கும் என்று எழுதுவது நமக்குப் பொருந்தாது. இங்கே ஜூலை மாதத்துப் பகல் வெயிலிலேயே டனலுக்குள் பூச்சி பெருகுவதற்கான சூடு இருக்கிறது. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசும் பெர்க் காற்று, வெளியிலுள்ள பச்சையை ஒரே நாளில் வாட்டிவிடும். அத்தகைய நாட்களுக்குப் பிறகு வாசல் அட்டைகள் கறுத்துத் தெரிந்ததை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அடுத்து வருவது புரட்டாசி. மாதம் முழுவதும் கவுச்சி தொடாத வீடுகள் நம்மவரிடையே ஏராளம் என்பதால், காய்கறிக்குத் தேவை கூடும் நேரமும் இலைப்பேன் ஏறும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. காயில் வெள்ளிக் கோடு விழுந்த குடைமிளகாயையும் கொக்கிபோல் வளைந்த வெள்ளரியையும் அந்த மாதத்தில்கூட வியாபாரி விலை குறைத்துத்தான் எடுப்பார். எனவே ஆடி மாதத்திலேயே அட்டைகளைத் தொங்கவிட்டுக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள் என்பது, இதை வாங்கப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்லும் யோசனை.

மஞ்சள் அட்டை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சளில் வெள்ளை ஈ, அசுவினி, இலைத்துளைப்பான் ஈ எல்லாம் ஒட்டும், இலைப்பேனும் ஒட்டும். ஒரே அட்டையில் எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறவருக்கு மஞ்சளே வசதி. இலைப்பேன் மட்டுமே கவலை என்றால் நீலம் மேல். எங்களிடம் இரண்டும் தொங்குகின்றன.

இனி அட்டையோடு சேர்த்து விற்கும் வாசனைப் பொருள். விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. விற்பவருக்கே தெளிவு குறைவாக இருப்பதும் இதில்தான். சந்தையில் இரண்டு வகை உண்டு. முதலாவது, மேற்கத்திய மலர் இலைப்பேனின் ஆண் வெளிவிடும் கூட்டக் கவர்ச்சிப் பொருளைச் செயற்கையாகச் செய்து, சிறு ரப்பர் துண்டில் ஊறவைத்தது. ஆண், பெண் இரண்டையும் இது இழுக்கும். ஆனால் அந்த இனத்துக்கென்றே அமைந்தது. இரண்டாவது, மெத்தில் ஐசோநிகோட்டினேட் என்ற வேதிப்பொருள். இது பூச்சியின் வாசனையன்று. பல இலைப்பேன் இனங்களை இது ஈர்க்கும். உங்கள் டனலில் இருப்பது எந்த இனம் என்று தெரியாமல் முதல் வகையை வாங்குவது, யார் வீடென்று தெரியாமல் சாவி வாங்குவதைப் போன்றது. நான் போன கடையில் எந்த இனத்துக்கு உரியது என்று கேட்டதற்கு, இலைப்பேன் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற பதில் கிடைத்தது. அப்படியில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் 2021-இல் மிளகாய்ப் பயிரை அழித்த கருப்பு இலைப்பேன், அதாவது த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ், முற்றிலும் வேறு இனம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. வெங்காயத்தில் இருப்பது பெரும்பாலும் இன்னொன்று. தமிழ்நாட்டில் உள்ள உறவினர் பயன்படுத்திப் பலன் கண்டார் என்பதற்காக அதே பொருளை இங்கே தேடுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இனத்தை அறிய அட்டை உதவாது என்பதும் ஒரு குறையே. பசையில் சிக்கி இறக்கை மடங்கிய பூச்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தாலும் அது இலைப்பேன் என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பூவைத் தட்டி உதிர்ந்த பூச்சிகளைச் சாராயக் கரைசலில் இட்டு, உருப்பெருக்கியில் பார்த்து இனம் பிரிக்கத் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும். பிரிட்டோரியாவில் தேசியப் பூச்சித் தொகுப்பைப் பேணும் வேளாண் ஆராய்ச்சி மன்றம் அதற்குரிய இடம். இரண்டாவது வகை வாசனைப் பொருளுக்கு இந்தக் கட்டாயம் அவ்வளவு இல்லை. எதுவானாலும் சில வாரங்களில் வீரியம் குறைந்துவிடும் என்பதால், பெட்டியின்மேல் எழுதியுள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். வாங்கியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். கடையில் அது வெயில் விழும் கண்ணாடிக்கு அருகில் இருந்தால் வாங்காதீர்கள். இன்னொன்று: வாசனைப் பொருள் வைத்த அட்டையில் அதிகம் ஒட்டுவது அது இழுப்பதால்தான். வாசனை வைத்த அட்டையின் கணக்கையும் வைக்காத அட்டையின் கணக்கையும் ஒரே நோட்டில் கலந்து எழுதினால் பூச்சி திடீரெனப் பெருகியதாகத் தோன்றி வீண் பீதி வரும்.

அட்டையால் பூச்சியைக் குறைக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அட்டைக்குப் பதிலாக அகலமான நீல ஒட்டுச் சுருளை வரிசைகளுக்கு நடுவே நீளமாகக் கட்டும் முறை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரிப் பயிரில் அதைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சுருள் மட்டும் கட்டிய இடத்தில் பூவுக்குப் பூ வளர்ந்த இலைப்பேன் 61 விழுக்காடும் பழத்தின் வடு 55 விழுக்காடும் குறைந்தன. இன்னொரு வயலில் சுருளோடு கூட்டக் கவர்ச்சிப் பொருளையும் சேர்த்தபோது அந்தக் குறைவு முறையே 73 விழுக்காடாகவும் 68 விழுக்காடாகவும் இருந்தது. இது நல்ல பலன்தான். ஆனால் அங்கே கட்டியது வரிசை நெடுகச் சுருள். நம்மவர் வாங்குவது பத்து அட்டை. பத்து அட்டையை விற்றுவிட்டுச் சுருளின் பலனைச் சொல்வது நியாயமாகாது. பாதிக்கு மேல் குறைந்தது என்பதற்கு மீதி இன்னும் இருக்கிறது என்றும் பொருள் உண்டு. வைரஸ் நடமாடும் டனலில் அந்த மீதியே போதும். வைரஸ் தொல்லையில்லாத வெள்ளரிக்குச் சுருள் ஏற்றது, தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் அதை மட்டும் நம்பக்கூடாது என்பது என் கருத்து.

மருந்தை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. விட முடியாது, ஆனால் அளவாகவும் நேரம் பார்த்தும் அடிக்க அட்டை உதவும். இலைப்பேனுக்கு நல்ல பலன் தந்துவந்த ஸ்பினோசாடுக்கே மேற்கத்திய மலர் இலைப்பேன் பல நாடுகளில் பழகிவிட்டது. கிழமை தவறாமல் ஒரே மருந்தை அடிப்பவர் அந்தப் பழக்கத்தைத் தன் டனலுக்குள் தானே வளர்க்கிறார். மருந்து அடிப்பதற்கு முன்னும் பின்னும் எழுதிய அட்டைக் கணக்கும், ஒரு வெள்ளைத் தாளின்மேல் பூவைத் தட்டி எண்ணிய இளம்பூச்சிக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். அப்போது அளவைக் கூட்டாமல், மருந்து பூச்சியைக் கொல்லும் விதத்தைக் குறிக்கப் புட்டியில் அச்சிட்டுள்ள குழு எண்ணைப் பார்த்து வேறு குழுவுக்கு மாற வேண்டும். உரங்களையும் வேளாண் மருந்துகளையும் முறைப்படுத்தும் தென்னாப்பிரிக்காவின் 1947-ஆம் ஆண்டு 36-ஆம் சட்டப்படி பதிவான எண் இல்லாத எந்த மருந்தையும், யார் பரிந்துரைத்தாலும், உணவுப் பயிரில் அடிக்காதீர்கள். மருந்தை எடுப்பதற்கு முன் இலையையும் ஒருமுறை பாருங்கள். மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பறக்காது என்பதால் அட்டையில் வராது. அட்டை வெறுமையாக இருப்பதை வைத்துச் செடி சுகம் என்று முடிவு கட்டக்கூடாது.

பொடி வலை கட்டிவிட்டால் அட்டையே வேண்டாம் என்று அதே கடையில் இன்னொரு யோசனையும் வந்தது. இலைப்பேனைத் தடுக்க வலையின் துளை சுமார் 0.2 மி.மீ. இருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கமான வலைக்குள் காற்று வராது. ஜனவரிப் புழுக்கத்தில், மின்விசிறி இல்லாத சாதாரண டனலில் செடி வெந்துவிடும். உள்நாட்டு மேட்டு நிலத்தவருக்கு அது பொருந்தக்கூடும்.

அட்டையின் பக்க விளைவுகளைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. நீலம் தேனீயையும் இழுக்கும்; அசுவினி தின்னும் நன்மை செய்யும் ஈக்களும் சில சமயம் ஒட்டும். பூ முழுவதும் விரிந்திருக்கும் வாரங்களில் வெளிப்பக்கம் தொங்கும் அட்டைகளை உள்ளே நகர்த்துவது இதற்கு ஓரளவு தீர்வு. எங்கள் ஊரில் எங்கும் திரியும் பல்லிகள் ஒட்டிய பூச்சியைத் தின்ன வந்து தாங்களும் ஒட்டிக்கொண்டன. சூரியகாந்தி எண்ணெயைச் சில சொட்டு விட்டால் பசை விட்டுக்கொடுத்துவிடுகிறது. கையில் ஒட்டியதற்கும் தலைமுடியில் ஒட்டியதற்கும் அதுவேதான் மருந்து. கம்பியில் அட்டை சுழன்று செடியில் உரசாமலிருக்கக் கீழ்ப்பக்கத்தையும் ஒரு நூலால் கட்டிவிடலாம். பயன்படுத்திய அட்டையை வேலியோரம் எறியாமல் மூடிய பையில் போட்டு அகற்ற வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு நான் வாங்கப் போவது வாசனைப் பொருள் சேராத வெறும் நீல அட்டைக் கட்டு ஒன்றும், வெள்ளரி டனலுக்கு மட்டும் ஒட்டுச் சுருளும்தான். குடைமிளகாய் டனலில் எடுத்த பூச்சிகள் எந்த இனம் என்று எழுத்தில் தெரியும்வரை ரப்பர் துண்டுக்குப் பணம் கொடுப்பதாக இல்லை.